டன்னுக்கா, நாளுக்கா, பெட்டிக்கா? வடசென்னையில் வேலைக்கு விலை வைத்த கதை

"தம்பி, மொத்தமா எவ்ளோ ஆவும்?"

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் இருக்கிற கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் யாரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். என்ன வேண்டும் என்று கேட்பவருக்கே இன்னும் முழுசாகத் தெரியாது. பில் போட வேண்டும், கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும், டேலியோடு சேர வேண்டும். அவ்வளவுதான் சொல்லியிருப்பார். ஆனால் தொகை உடனே வேண்டும்.

இதற்குச் சொல்லக்கூடிய பதில்கள் ரொம்பக் குறைவு. மொத்தத் தொகை ஒன்று சொல்லலாம். மணிக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று சொல்லலாம். ஸ்கிரீனுக்கு இவ்வளவு, ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு என்று அளந்து சொல்லலாம். இல்லை, உங்களுக்கு வரும் லாபத்தில் பங்கு கொடுங்கள் என்று கேட்கலாம். நம் ஆட்கள் இதையெல்லாம் ஃபிக்ஸட் பிரைஸ், டைம் அண்ட் மெட்டீரியல், யூனிட் ரேட், அவுட்கம் என்று சொல்லி, என்னவோ ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டிடங்களில் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். டைடல் பார்க் திறந்தது 2000-ல். இந்த எல்லா முறைகளையும் அதற்கு வெகுகாலம் முன்பே ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிற கடலோரத் துண்டு பார்த்துவிட்டது. ஒவ்வொன்றிலும் யார் மாட்டிக்கொண்டார்கள் என்பதையும் பார்த்துவிட்டது. கொஞ்ச நாளாக இதைப் பற்றிச் சேர்த்து வைத்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் துறைமுகமே இல்லாத காலம். கப்பல் கரைக்கு வர முடியாது. தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் கரைக்கு வர மசூலா படகுதான். ஆணி கிடையாது, பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். இந்தப் படகுகளுக்கான கட்டணத்தை அரசே நிர்ணயித்தது. கடல் மோசமாக இருந்தால் கரையில் கொடி ஏறும், படகு இறங்கக் கூடாது. அதாவது ஒரு ரேட் கார்டும், கூடவே 'இன்றைக்கு இந்த விலைக்கு வேலை நடக்காது' என்று சொல்லும் ஏற்பாடும் இருந்தது. ரேட் கார்டு எதனால் சாத்தியம்? தூரம் ஒன்று, அலை ஒன்று, படகின் கொள்ளளவு ஒன்று. நேற்று செய்த அதே வேலைதான் இன்றைக்கும். இப்போது 'ஐந்து பக்க வெப்சைட், டொமைன் இலவசம்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் செய்வதும் இதுதான். அதில் தப்பே இல்லை. டெம்ப்ளேட் ஒன்றுதான், படகு ஒன்றுதான். சிக்கல் எப்போது வரும் என்றால், படகுக்காரரிடம் போய் 'இதே ரேட்டில் எனக்கு ஒரு துறைமுகம் கட்டிக்கொடு' என்று கேட்கும்போது.

துறைமுகத்துக்கு வருவோம். 1861-ல் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலம் வந்தது. அது போதவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பு. கரையிலிருந்து இரண்டு கைகள் கடலுக்குள் நீண்டு வளைந்து, கிழக்குப் பக்கம் வாய் திறந்திருக்கும். வேலை ஏறக்குறைய முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று புயல் அடித்து கட்டியதில் பெரும்பகுதியை நொறுக்கிவிட்டது. டெலிவரிக்கு முந்தின வாரம் புரொடக்‌ஷன் சர்வர் போன மாதிரி என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் புயலை விட எனக்கு முக்கியமாகப் படுவது மணல்.

நம் கடற்கரையில் மணல் நிலையாக நிற்பதில்லை. வருஷக் கணக்கில் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே ஒரு சுவரை வைத்தால் என்ன ஆகும்? தெற்குப் பக்கம் மணல் சேரும். வடக்குப் பக்கம் வர வேண்டிய மணல் வராது, ஆனால் அலை மட்டும் அரித்துக்கொண்டே இருக்கும். மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் துறைமுகம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கரை காணாமல் போனதற்கும் அதே துறைமுகம்தான் காரணம். துறைமுகத்தின் வாயிலிலும் மணல் சேர்ந்தது. 1904-ல் பொறுப்புக்கு வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயிலை மூடிவிட்டு வடகிழக்கில் புது வாயில் திறக்க வேண்டியதாயிற்று. கட்டி முடித்த பிறகு அடிப்படை வடிவமைப்பையே மாற்றிய செலவு அது.

எஸ்டிமேட் போடுகிற யாருக்கும் இது தெரிந்த கதை. தொகை தப்பாகிப்போவது ஒரு பக்கம். அதை விடப் பெரிசு, தொகையில் சேராத செலவு யார் தலையில் விழுகிறது என்பது. வடக்கே கல் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டுவது நூற்றாண்டாக நடக்கிறது. வீட்டை இழந்த மீனவர் குடும்பங்களின் கணக்கு எந்த எஸ்டிமேட்டிலும் ஒரு வரியாக இருந்ததில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்புக்கும் அது வெளியே நடந்த விஷயம். பிற்பாடு, 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகத்தைக் கட்டும்போது தூர்வாரிய மணலைக் கரையில் கொட்டி நிரப்புவதும் வேலையின் பகுதியாக இருந்தது. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து மணல் ஒரு லைன் ஐட்டம் ஆனது.

மென்பொருளில் இந்த மணல் எது? பழைய டேட்டா. பத்து வருஷமாக எக்ஸெல்லில் மூன்று விதமாகப் பெயர் எழுதி வைத்த பார்ட்டி லிஸ்ட். அதை யார் சுத்தம் செய்வது? பெரும்பாலும் அந்த ஆபீஸில் இருக்கும் ஒரு கிளார்க் அம்மா, இரண்டு மாசம் சாயங்காலம் உட்கார்ந்து செய்வார். கொட்டேஷனில் அவர் இல்லை. இன்னொரு மணல், சட்டம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது நாட்டில் இருக்கிற ஒவ்வொரு பில்லிங் மென்பொருளும் மாற வேண்டியிருந்தது. மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டு பாதியில் இருந்த வேலைகளில் 'இது புது வேலை' என்று ஒருவரும் 'பில் வரணும்னுதானே காசு குடுத்தேன்' என்று இன்னொருவரும் சொல்ல, அந்த வருஷம் நான் பார்த்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. ஒப்பந்தத்தில்தான் அந்த நியாயத்துக்கு இடமில்லை.

இடையில் ஒரு சின்ன விலகல், ஆனால் விட மனசில்லை. இதே ஸ்பிரிங் தலைமையில் இருந்த போர்ட் டிரஸ்டில்தான் 1912 மார்ச் 1 அன்று சீனிவாச ராமானுஜன் கணக்குப் பிரிவில் கிளார்க்காகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். அது அந்த நாற்காலியின் விலை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது அந்த விலையில் கிடையாது. மேன் மன்த் என்ற அளவை இதை விடச் சுருக்கமாக விளக்க முடியாது. அடுத்த வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன செய்தேன் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். எத்தனை தேற்றம் என்று கேட்கவில்லை. இன்றைய மொழியில் ரீடெய்னர். என்ன கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாத வேலைக்கு இதை விட நல்ல ஒப்பந்தம் இதுவரை நான் பார்க்கவில்லை.

சரி, சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்கு வருவோம். விலை வைப்பதில் உண்மையான மூளை வேலை நடந்தது இங்கேதான்.

ஆரம்பத்தில் எல்லாம் அன்றாடக் கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. மேஸ்திரி கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். மேஸ்திரிக்குப் பங்கு. 1929-ல் அமைக்கப்பட்டு 1931-ல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷன் துறைமுகத் தொழிலாளர்களின் இந்த நிலையற்ற வேலைமுறையை முறைப்படுத்தச் சொன்னது. சட்டம் வந்தது 1948-ல். அதன் கீழ் 1950-களில் சென்னைக்கும் டாக் லேபர் போர்டு அமைந்தது. தொழிலாளி போர்டில் பதிவு, வேலை இல்லாத நாளுக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை, முறை வைத்து வேலை. ஐ.டி. கம்பெனிகளில் பெஞ்ச் என்று சொல்கிறோமே, அதைச் சட்டம் போட்டு வாங்கியவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள்.

நாள் கூலி நிலையானதும் முதலாளிகள் பக்கம் வேறு கவலை: நிதானமாகச் செய்தாலும் அதே கூலிதானே? அதற்குப் பதிலாக இந்தியத் துறைமுகங்களில் வந்தது டேட்டம் முறை. ஒரு கேங், ஒரு ஷிப்டில், குறிப்பிட்ட சரக்கில் இத்தனை டன் இறக்க வேண்டும் என்று ஓர் அளவு. அதுதான் டேட்டம். அதுவரைக்கும் சாதாரணச் சம்பளம், அதைத் தாண்டினால் டன்னுக்கு இவ்வளவு ஊக்கத்தொகை. மூட்டைக்கு ஒரு டேட்டம், இரும்புக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று. கேங்கில் எத்தனை பேர் என்பதற்குத் தனி அளவு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஐடில் டைம். மழை, கிரேன் பழுது, லாரி வரவில்லை என்று தொழிலாளியின் கையில் இல்லாத காரணத்தால் வேலை நின்றால் அந்த நேரத்தைக் கணக்கில் தனியாகக் கழிப்பார்கள். மென்பொருள் ஒப்பந்தங்களில் இந்த ஒரு வரிக்காக நாம் இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். கிளையன்ட் லோகோ அனுப்ப ஆறு வாரம் எடுத்துக்கொண்டு, பிறகு 'ஏன் லேட்' என்று கேட்பார்.

டேட்டத்தின் தாத்தா பிரடெரிக் டெய்லர். 1899-ல் அமெரிக்காவில் பெத்லகேம் ஸ்டீலில், ஓர் ஆள் நாளைக்கு 12.5 டன் இரும்புக்கட்டி ஏற்றியதை 47 டன்னாக ஆக்கியதாகச் சொன்னார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். டெய்லர் கதையை அழகுபடுத்தினார் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பீஸ் ரேட்டில் மிச்சம் யார் பைக்குப் போகிறது என்பதை அவரே வெளிப்படையாகக் காட்டிவிட்டார்.

எந்த அளவுகோலுக்கும் ஒரு கள்ள வழி உண்டு. டேட்டம் தாழ்வாக இருந்தால் எல்லோரும் எளிதில் தாண்டுவார்கள். உயர்வாக இருந்தால் முயற்சியே பண்ண மாட்டார்கள். இந்தியத் துறைமுகங்களில் ஸ்பீட் மணி என்ற ஒன்று பேசப்பட்டது: அட்டவணை விலைக்கு மேல், சரக்கு சீக்கிரம் நகர ரொக்கமாகக் கொடுப்பது. அதிகாரப்பூர்வ விலை உண்மையான விலையை விட்டு விலகும்போது இடைவெளியை நிரப்ப ஏதாவது முளைக்கத்தான் செய்யும். ஸ்டோரி பாயின்ட்டை வைத்து டீமை மதிப்பிட ஆரம்பித்த மேலாளர்கள் ஆறே மாதத்தில் பாயின்ட் எல்லாம் இரண்டு மடங்கு ஆனதைப் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த காலத்தில் மென்பொருளுக்குத் தனி விலையே கிடையாது என்பது இப்போது நம்பக் கஷ்டமாக இருக்கும். கம்ப்யூட்டர் வாங்கினால் புரோகிராமும், எழுதிக்கொடுக்கும் ஆட்களும் கூடவே வருவார்கள். 1969 ஜூனில் ஐ.பி.எம். இரண்டையும் பிரித்து, மென்பொருளுக்கும் சேவைக்கும் தனியாக விலை வைக்கப்போவதாக அறிவித்தது. ஒரு வருஷம் முன்னால், 1968-ல், டி.சி.எஸ். தொடங்கியிருந்தது. விலை வைக்க வேண்டும் என்றதும், கையில் இருந்த பழைய அளவுகோலைத்தான் எடுத்தார்கள்: ஆள், மாதம்.

அதில் உள்ள ஓட்டையை 1975-லேயே பிரெட் புரூக்ஸ் எழுதிவிட்டார். ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 திட்டத்தை நடத்திய மனிதர். ஆளும் மாதமும் ஒன்றுக்கொன்று மாற்றாக இருப்பது, ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலைகளில் மட்டும்தான் என்றார். தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். மூட்டை தூக்குவதற்கு இரண்டாவது கேங்கைப் போட்டால் கப்பல் சீக்கிரம் காலியாகலாம். ஆனால் அங்கேயும் ஒரு ஹாட்ச்சுக்கு மேல் எத்தனை பேர் நிற்க முடியும்? அதனால்தான் கேங்குக்கு ஆள் அளவு வைத்தார்கள். புரூக்ஸ் சொன்னது துறைமுக மேஸ்திரிக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

ஆனாலும் இந்திய மென்பொருள் ஏற்றுமதி வளர்ந்தது மேன் மன்த்தின் மேல்தான். 70, 80-களில் ஆளையே விமானத்தில் அனுப்பினார்கள். 1991-ல் எஸ்.டி.பி.ஐ. வந்து செயற்கைக்கோள் இணைப்பு கிடைத்ததும் ஆள் இங்கேயே இருந்து வேலை மட்டும் போனது. ஆன்சைட் ஒரு ரேட், ஆஃப்ஷோர் ஒரு ரேட். விலையின் அடிப்படை மாறவில்லை. ஒய்.டூ.கே. வந்தபோதுதான் சின்ன மாற்றம்: பழைய கோபால் புரோகிராம்களைத் திருத்த வரிக்கு இவ்வளவு என்று பேசினார்கள். வரிக்கு ஒரு டாலர் என்ற கணக்கு அப்போது சகஜமாகப் புழங்கியது. மூட்டைக்கு இவ்வளவு மாதிரியேதான். வேலை ஒரே மாதிரி இருந்ததால் அது ஓடியது. புதிதாக எழுதும் வேலைக்கு வரிக் கணக்கு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நாலு வரியில் முடிப்பவனுக்கு நஷ்டம், நாற்பது வரி எழுதுபவனுக்கு லாபம்.

வரியும் வேண்டாம், மாதமும் வேண்டாம், கிடைக்கும் பொருளை அளக்கலாம் என்று 1979-ல் ஐ.பி.எம்.மின் ஆலன் ஆல்பிரெக்ட் கொண்டுவந்ததுதான் ஃபங்க்‌ஷன் பாயின்ட். இதைப் புரிந்துகொள்ள மணலிக்குப் போவது நல்லது.

மணலி ரிஃபைனரி 1965-ல் கம்பெனியாகப் பதிவாகி 1969-ல் ஓட ஆரம்பித்தது. இப்படிப்பட்ட ஆலைகளில் பைப்பிங் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள் 'இன்ச் டயா' என்று ஒன்றில் பேசுவார்கள். 6 இன்ச் பைப்பில் ஒரு ஜாயின்ட் வெல்டு செய்தால் 6 இன்ச் டயா. அப்படி 40 ஜாயின்ட் இருந்தால் 240. டிராயிங்கைப் பார்த்தே எண்ணிவிடலாம். ஒரு இன்ச் டயாவுக்கு இவ்வளவு ரேட் என்று போட்டால் தொகை வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கூட, உயரத்தில் என்றால் கூட. எக்ஸ்ரேயில் ஃபெயிலானால் திரும்ப அடிப்பது கான்ட்ராக்டர் செலவு. சாரம் கட்டுவதற்கு கன மீட்டர், பெயின்ட்டுக்கு சதுர மீட்டர், ஃபேப்ரிகேஷனுக்கு டன். ஷட்டவுன் சமயத்தில், உள்ளே திறந்து பார்த்தால்தான் என்ன என்று தெரியும் வேலைகளுக்கு மட்டும் மேன் டே. தெரிந்ததற்கு யூனிட் ரேட், தெரியாததற்கு நாள் கணக்கு. ஒரே ஒப்பந்தத்தில் இரண்டும் இருக்கும். இந்தத் தெளிவு எந்த மென்பொருள் டெண்டரிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆல்பிரெக்ட் செய்ததும் இன்ச் டயாதான். வெளியிலிருந்து உள்ளே போகும் பதிவு, வெளியே வரும் ரிப்போர்ட், தேடல், உள்ளே வைத்திருக்கும் கோப்பு, மற்ற மென்பொருளோடு இணைப்பு என்று ஐந்து வகை. சராசரிச் சிக்கலுக்கு முறையே 4, 5, 4, 10, 7 புள்ளி. நம் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். 12 பதிவு, 8 ரிப்போர்ட், 5 தேடல், 6 கோப்பு, 2 இணைப்பு. 48, 40, 20, 60, 14. மொத்தம் 182. அதன் மேல் சூழலைப் பொறுத்து 0.65-லிருந்து 1.35 வரை பெருக்கலாம். அதாவது 118-லிருந்து 246 வரை எங்கே வேண்டுமானாலும். பிடிபட்டதா? எண்ணுவது துல்லியமாக இருக்கிறது, கடைசிப் பெருக்கலில் எல்லாம் கரைந்துபோகிறது. பேரி போம் 1981-ல் எழுதிய புத்தகத்தில், தொடக்கத்தில் போடும் மதிப்பீடு நாலு மடங்கு கூடவோ நாலில் ஒரு பங்காகவோ இருக்கலாம் என்று படம் போட்டே காட்டினார். வெல்டருக்கு டிராயிங் இருக்கிறது. நமக்கு டிராயிங் வரைவதுதான் பாதி வேலை. அதை இலவசமாகச் செய்துவிட்டு, பிறகு விலை சொல்கிறோம்.

நான் பார்த்தவரை, இந்த விஷயத்தில் சின்ன மென்பொருள் கடைகளை விட திருவொற்றியூர் லேத் பட்டறைக்காரர்கள் கெட்டி. எண்ணூரில் அசோக் லேலண்டும் (1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கியது) திருவொற்றியூரில் 1955-ல் வந்த என்ஃபீல்டும் சுற்றுவட்டாரத்தில் ஜாப் ஒர்க் செய்யும் கலாச்சாரத்தையே உண்டாக்கின. பட்டறையில் ரேட் கேட்டால் மெஷின் அவர் ரேட்டிலிருந்து தொடங்குவார்கள். மெஷின் விலை, தேய்மானம், கரன்ட், ஆபரேட்டர், வாடகை, கூடவே மெஷின் சும்மா நிற்கும் நேரம். ஒரு பீஸுக்கு எத்தனை நிமிஷம், செட்டிங் எவ்வளவு நேரம். பத்து பீஸ் என்றால் ஒரு ரேட், ஆயிரம் பீஸ் என்றால் வேறு ரேட். செட்டிங் சார்ஜை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

தனியாகத் தொழில் செய்யும் ஒரு டெவலப்பர் இதே கணக்கைப் போட்டால் என்ன வரும்? கையில் 60,000 ரூபாய் நிற்க வேண்டும் என்று வையுங்கள். பெரும்பாலோர் செய்வது: 22 நாள், 8 மணி நேரம், 176 மணி; ஆக மணிக்கு 341 ரூபாய். பட்டறைக் கணக்கு வேறு. கொட்டேஷன் எழுதுவது, காசு வசூலிக்க அலைவது, பழைய கிளையன்ட்டின் போன், காய்ச்சல், வேலை இல்லாத வாரம், எல்லாம் போக பில் போடக்கூடியது 110 மணி. வாடகை, லேப்டாப், இன்டர்நெட், ஆடிட்டர் என்று மாதம் 25,000. ஆக 85,000-ஐ 110-ஆல் வகுத்தால் 773. அதன் மேல் லாபம் 20 சதவீதம் வைத்தால் 927. இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மணிக்கு 341 ரூபாய் வாங்குகிறவர் தன் மெஷினைத் தேய்த்து விற்றுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். இதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. பில் போட்ட அடுத்த மாதமே வரி கட்ட வேண்டும், காசு மூன்று மாதம் கழித்து வரும். பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயமும் அதே 2006-லிருந்து இருக்கிறது.

என் கொட்டேஷன்களில் கொஞ்ச வருஷமாக இந்தப் பக்கத்து ஆட்களிடமிருந்து எடுத்த மூன்று வரிகள் இருக்கின்றன. என்ன வேண்டும் என்று உட்கார்ந்து எழுதும் இரண்டு வாரத்துக்குத் தனிக் காசு. அது செட்டிங் சார்ஜ். எழுதி முடித்ததில் தெளிவாக இருப்பதற்கு மொத்தத் தொகை, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பதற்கு நாள் ரேட், அது மணலி. உங்கள் பக்கம் தாமதமானால் அந்த நாட்கள் தனி. அது ஐடில் டைம். முதல் வரியைப் பார்த்ததும் எழுந்து போகிறவர்கள் உண்டு. போகட்டும் என்று சொல்லும் வசதி எனக்கு இப்போது இருக்கிறது. வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ புதிதாகத் தொடங்கும் இருபத்தைந்து வயசுப் பையனுக்கு அது இருக்காது. அவன் மொத்தத் தொகைக்குத்தான் தலையாட்டுவான்.

கடைசியாக, பெட்டி. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். அதுவரை உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. பெட்டியில் 16 சென்ட்டுக்கும் குறைவு. சென்னையில் தனிக் கன்டெய்னர் முனையம் வந்தது 1983-ல். பெட்டி வந்ததும் டேட்டம் என்ற கணக்கே அர்த்தமிழந்தது. கிரேன் ஒன்று, பெட்டி ஒன்று, உள்ளே எத்தனை டன் இருந்தால் என்ன? மூட்டைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று முப்பது வருஷம் பேரம் பேசி வாங்கிய அட்டவணைகள் எல்லாம், அந்த மூட்டையும் மரமும் பெட்டிக்குள் போனதும், பேப்பராகிவிட்டன. 2001-ல் டாக் லேபர் போர்டு துறைமுகத்தோடு இணைக்கப்பட்டது. அதே வருஷம் கன்டெய்னர் முனையம் முப்பது வருஷ ஒப்பந்தத்தில் தனியார் கைக்குப் போனது. அந்த ஒப்பந்தத்தின் விலை என்ன தெரியுமா? வருமானத்தில் 37 சதவீதத்துக்குச் சற்று மேல் துறைமுகத்துக்கு. பின்னால் வந்த இரண்டாவது முனையத்துக்குக் கிட்டத்தட்ட 46. அவுட்கம் பிரைசிங் என்று இப்போது கன்சல்டன்ட்கள் வந்து படம் காட்டுவது இதைத்தான்.

இப்போது நம் முறை. போன வருஷத்திலிருந்து கொட்டேஷன் கொடுத்தால் வரும் முதல் பதில்: "நீங்க ஏ.ஐ. வெச்சுத்தானே பண்றீங்க, பாதியா குறைச்சுக்குங்க சார்." நாற்பது மணி நேர வேலை பதினைந்தில் முடிகிறது என்பது சில வேலைகளில் உண்மைதான். மணிக்கணக்கில் விலை வைத்தவருக்கு அந்த இருபத்தைந்து மணியும் நஷ்டம், மொத்தத் தொகைக்குப் பேசியவருக்கு அத்தனையும் லாபம். அதனால் இத்தனை வருஷம் டைம் அண்ட் மெட்டீரியல்தான் நியாயம் என்று சொன்ன கம்பெனிகள் திடீரென மொத்தத் தொகையைப் புகழ ஆரம்பித்திருக்கின்றன. மொத்தத் தொகைதான் வேண்டும் என்று அடம்பிடித்த கிளையன்ட்கள் 'எத்தனை மணி ஆச்சு' என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

பெட்டி வந்தபோது அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஒரு காரியம் செய்தது. 1960-ல் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில், இயந்திரம் வரட்டும், தடுக்க மாட்டோம், ஆனால் மிச்சமாகும் காசில் எங்களுக்கும் பங்கு என்று பேசி, ஐந்தரை வருஷத்துக்கு 2.9 கோடி டாலர் நிதியை முதலாளிகளிடம் வாங்கினார்கள். ஓய்வு பெறுகிறவர்களுக்குத் தொகை, வேலை குறைந்தாலும் குறைந்தபட்ச வருமானம். அது போதுமான பங்குதானா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. பெரிய ஐ.டி. ஒப்பந்தங்களிலும் மிச்சத்தைப் பற்றி ஒரு வரி பல வருஷமாக இருக்கிறது. புரொடக்டிவிட்டி கமிட்மென்ட் என்று பெயர். ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் விலை குறையும் என்று எழுதியிருக்கும். குறைவது கிளையன்ட்டுக்கு, அதில் கோடு எழுதுகிறவருக்கான பத்தி கிடையாது.